மண் தந்த வாக்குமூலம்



இயற்கை விவசாயம் சிறந்ததா, ரசாயன விவசாயம் சிறந்ததா என்ற சர்ச்சை எழும்போதெல்லாம் இரு தரப்பாரும் தத்தம் அபிப்பிராயத்தை உரக்கச் சொல்லுகிறார்களேயன்றி, நிலத்தின் வாக்குமூலத்தை நிதானமாகக் கேட்போர் மிகச் சிலரே. அவ்வாறு கேட்கப்பட்ட ஒரு வயலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சுவிட்சர்லாந்து தேசத்தில், பாசல் நகரை அடுத்த தெர்வில் என்னும் ஊரில், 1978-ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனை தொடங்கியது. ஒரே நிலத்தைப் பல துண்டங்களாகப் பிரித்து, எல்லாவற்றிலும் ஏழாண்டுப் பயிர்ச் சுழற்சி ஒன்றையே அனுசரித்து, சில துண்டங்களை இருவகை இயற்கை முறைகளிலும், வேறு சிலவற்றை ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இட்டுச் செய்யும் வழக்கமான முறையிலும் சாகுபடி செய்து வந்தார்கள். கோதுமையும் உருளைக்கிழங்கும் புல்லும் மாறிமாறி வரும் அந்தச் சுழற்சி ஒருமுறை முடியவே ஏழு ஆண்டுகள் வேண்டுமாதலால், இரண்டொரு போகத்தின் விளைச்சலைக் கண்டு தீர்ப்புரைக்க அங்கே இடமில்லை.

21 ஆண்டுக் கணக்கு 2002-இல் வெளியாயிற்று. இயற்கை முறையில் மகசூல் சராசரியாக 20 சதவீதம் குறைந்திருந்தது. கோதுமையில் பத்தில் ஒரு பங்கே குறைய, உருளைக்கிழங்கிலோ பொட்டாசியச் சத்துக் குறைவாலும் கருகல் நோயாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே குறைந்துவிட்டது. இதை மறைப்பவர் இயற்கை விவசாயத்துக்கு நன்மை செய்பவர் ஆகார். ஆனால் அதே கணக்கில், உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் வரையிலும், பூச்சிமருந்து 97 சதவீதமும் குறைந்திருந்தன; மண்புழுக்களின் மொத்த எடை வழக்கமான துண்டங்களில் இருந்ததைப்போல் 1.3 முதல் 3.2 மடங்கு வரை இருந்தது. பயிருக்குச் சத்தைத் தேடிக்கொடுக்கும் வேர்ப்பூஞ்சை 40 சதவீதம் அதிகமான வேர் நீளத்தில் குடியேறியிருந்தது. முதலில் சொன்ன மகசூல் கணக்கை மட்டும் படிப்பவன் களஞ்சியத்தைப் பார்க்கிறான். அதனுடன் மண்ணின் கணக்கையும் சேர்த்துப் படிப்பவனே அடுத்த தலைமுறைக்கு நாம் விட்டுச்செல்லும் பூமியையும் பார்க்கிறான்.

பெரியோர்களே! இத்தகைய நெடிய பொறுமை நமக்கும் அந்நியமானதன்று. கோயம்புத்தூரில் 1909-ஆம் ஆண்டிலேயே நிரந்தர உரப் பரிசோதனை தொடங்கப்பட்டு, தொழு உரமும் ரசாயன உரமும் மண்ணைக் காலப்போக்கில் என்ன செய்கின்றன என்பது தலைமுறை தாண்டி ஆராயப்பட்டு வருகிறது. தொடங்கியவர் காலத்தில் முடியாத வேலையை மற்றொருவர் சிரத்தையோடு ஏற்று நடத்துவதே உயர்ந்த தேசத்தொண்டு.

ஆகவே நான் வேண்டுவது இதுவே: ஆளும் பொறுப்பில் உள்ளோர் ஒரு வருஷத்துச் சிக்கனத்தைக் கருதி நீண்டகாலப் பரிசோதனை வயல்களைக் கைவிடாதிருக்க வேண்டும், வாலிபர்கள் விளைச்சலை அளக்கும்போதே மண்ணின் உயிரையும் அளக்கப் பழக வேண்டும், நாம் அனைவரும் பட்சபாதமின்றி இரு கணக்குகளையும் ஒருங்கே கேட்டபின்னரே தீர்மானத்துக்கு வரவேண்டும். சோறிடும் நிலத்துக்கு நாம் செலுத்த வேண்டிய நியாயம் அதுவே.