விதியை மாற்றும் விதி

 

விதி என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. ஒன்று தலைவிதி, மற்றொன்று சட்டவிதி. முன்னதைக் காட்டியே நம் முன்னோரை அடக்கி வைத்தனர். பின்னது மனிதர் எழுதியது; ஆகவே மனிதரால் மாற்றத்தக்கது. அதை யார், எவ்வாறு மாற்றுவது என்பது குறித்துச் சில சொல்ல விழைகிறேன்.

அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் பீட்டர் சூபர் அமைத்த 'நோமிக்' என்னும் விளையாட்டு 1982-இல் வெளிவந்தது. சதுரங்கத்தில் காய்கள் நகரும், விதிகள் நகரா. நோமிக்கிலோ, ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது ஒரு விதிமாற்றத்தை முன்மொழிய வேண்டும். அதன்மீது வாக்கெடுப்பு நடைபெறும். தொடக்க விதிகள் 29. அவற்றுள் 13 மாற்றத்தக்கவை. 16 எளிதில் மாற்றவியலாதவை. இப்பதினாறில் ஒன்றைத் தொட வேண்டுமாயின், முதலில் அனைவரும் ஒருமனதாக இசைய வேண்டும். எந்த மாற்றமும் வாக்கெடுப்புக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அப்பதினாறில் ஒன்று. ஒருமனம் தேவையில்லாத நிலை வந்தபின், நிறைவேறிய மாற்றத்தை எதிர்த்து வாக்களித்தவருக்கு 10 புள்ளிகள் என்பதும் ஒரு விதி. சிறுபான்மையினர் வெறுங்கையுடன் எழுந்து போகாதிருக்க அது வழி செய்கிறது.

இத்தகைய அமைப்பு நமக்குப் புதிதன்று. அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு உருவாக்கிய அரசியலமைப்பின் 368-ஆம் பிரிவு, அச்சட்டத்தைத் திருத்தும் முறையைக் கூறுகிறது. ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்கும் இசைய வேண்டும். சிலவற்றுக்கு மாநிலச் சட்டமன்றங்களில் பாதியும் ஒப்ப வேண்டும்.

இதனால் நாம் பெற்ற பயன் பெரிது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணைப்படி, 14 இடங்களில் 2 நம் மக்களுக்கு உரியவை. கல்லூரிச் சேர்க்கையில் அந்த ஆணை செல்லாதென உச்சநீதிமன்றம் 1951 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூனில் முதல் திருத்தம் 15(4)-ஐச் சேர்த்தது. சட்டமன்ற, மக்களவைத் தனித் தொகுதிகளுக்கு முதலில் வைத்த கெடு பத்தாண்டே. மீண்டும் மீண்டும் திருத்தியே அது 2030 வரை நீண்டுள்ளது.

ஆனால் திருத்தும் கை எதையும் அழிக்கலாமா? கேசவானந்த பாரதி வழக்கில் 1973-இல் 13 நீதிபதிகள் அமர்ந்தனர். அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என 7 பேர் கொண்ட பெரும்பான்மை முடிவு செய்தது.

நம் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர் இதை எளிதில் உணர்வர். ஈரக் களிமண்ணின் வடிவை மாற்றலாம். சூளையில் வெந்தபின் உடைக்கத்தான் முடியும். எல்லா விதிகளும் ஈரமாயிருந்தால் வலியவன் தன் விருப்பப்படி அவற்றைப் பிசைவான். எல்லாம் வெந்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு வேலையில்லை. ஆகவே எதைச் சுடுவது, எதை ஈரமாக விடுவது என்று பகுத்தறிவதே விதி வகுப்போர் கடமை.

நம் கழகத்திற்கும் துணைவிதிகள் உண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி, பொதுக்குழுவின் சிறப்புத் தீர்மானத்தால் அவற்றைத் திருத்தலாம். கட்டணம், கூட்ட நாள், நிர்வாகிகளின் பதவிக்காலம் ஆகியன காலத்திற்கேற்ப மாறட்டும். ஆனால் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு வாக்கு, கணக்கைக் கேட்கும் உரிமை, எழுதிப் படித்துக் காட்டாத தீர்மானத்திற்கு வாக்கெடுப்பு இல்லை என்னும் மூன்றும் சூளையேறிய விதிகளாக நிற்க வேண்டும். பிறர் எழுதியதைப் படிக்க இயலாமல் கைநாட்டு வைத்த தலைமுறைகளின் பிள்ளைகள் நாம் என்பதை மறவாதீர்.

மாணவர்களே! மாலை வகுப்பில் ஒருநாள் நோமிக் ஆடிப் பாருங்கள். அடுத்த பொதுக்குழுவிற்குத் துணைவிதிகளைப் படித்துவிட்டு வாருங்கள். உங்கள் தாயாரையும் அழைத்து வாருங்கள். வராதவருக்கும் சேர்த்து வந்தவரே விதி எழுதுவர்.