செல்லும் வாக்கு எது?
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை நம்மில் பலரும் அறிவோம். குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஒன்றும் அறியாச் சிறுவன். அதனை வாங்கும் மத்தியஸ்தன், ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏந்தி, அவையோர் கேட்கப் படித்தல் வேண்டும் என்று விதித்தனர். இடையில் ஓலை மாறிவிடலாகாது என்ற அச்சமன்றோ அவ்விதியைப் பிறப்பித்தது!

அவ்வச்சம் இன்றும் நீங்கவில்லை. 2024 ஜனவரி 30 அன்று சண்டிகரில் மேயர் தேர்தல் நடந்தது. பதிவான வாக்குகள் 36. அவற்றுள் 8 செல்லாதவை எனத் தள்ளிய அதிகாரி, 12 பெற்றவர் தோற்றார், 16 பெற்றவர் வென்றார் என்று அறிவித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ஒருவருக்கு மேற்பட்டோருக்கு வாக்களித்தல், வாக்காளர் இன்னாரெனக் காட்டும் குறியிடுதல், யாருக்கு அளித்தது என ஐயம் எழும்படி முத்திரையிடுதல் ஆகிய மூன்றுமே அப்போது அங்கு வாக்கைச் செல்லாததாக்கின. அந்த எட்டுச் சீட்டிலோ வாக்காளரின் கருத்துத் தெளிவாயிருந்தது. பின்னர்க் கோடிட்டவர் அதிகாரியே. பிப்ரவரி 20 அன்று எட்டும் செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. 20 வாக்குகளுடன் குல்தீப் குமார் மேயரானார்.

லோத்குண்டாவில் நம் சங்கமும் சீட்டெழுதித்தான் செயற்குழுவைத் தேர்கின்றது. விதிகளை முன்னரே படித்துக் காட்டுவோம். ஒவ்வொரு சீட்டையும் உயர்த்திக் காட்டி எண்ணுவோம். ஐயமுள்ளதை இரு தரப்பார் முன்னிலையில் தீர்ப்போம். எண்ணுபவர் கையில் எழுதுகோல் வேண்டா. ஊர்விட்டு வந்து கூடியிருக்கும் நாம் சிலரே; தோற்றவரும் மனமொப்பி மறுநாள் சங்கத்திற்கு வருதல் வேண்டும்.