நம்மையே சோதித்தறிவோம்



நாம் விசுவாசத்தில் நிலைத்திருக்கிறோமா என்று நம்மையே சோதிக்கும்படி பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். வேத வசனங்கள் நமக்கு மனப்பாடம், கீர்த்தனைகளும் தெரியும். அது போதுமா?

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தைத் தொடங்கி அம்மக்களின் உரிமைக்காக உழைத்தார். அவருடைய விசுவாசத்தை லயங்களில் வாழ்ந்தோர் கண்டார்கள்.

நம்முடையதை யார் காண்கிறார்கள்? அட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் கொழும்புக்கு வீட்டுவேலைக்கு வரும் பெண்கள் நம் வீட்டிலும் இருக்கலாம். அவர்களுக்கு ஒழுங்கான சம்பளமும் ஞாயிறு ஓய்வும் உண்டா? நம் மேசையில் இடமுண்டா? ஆலயத்தில் நாம் சொல்லும் ஆமென் மெய்யா பொய்யா என்பதை அவர்களே நன்கறிவார்கள்.