இருபத்தோர் இலக்க எண்

ஒன்று என்னும் எண்ணை அறுபத்தேழு முறை இரட்டித்து, வந்த தொகையில் ஒன்றைக் கழித்தால் 147,573,952,589,676,412,927 என்னும் எண் கிடைக்கும். நேயர்கள் இதனைத் தாளொன்றிற் குறித்துக்கொள்வது நன்று. செவியில் மட்டும் நிற்கக்கூடிய எண் அன்று இது.

பிரெஞ்சுத் துறவியும் கணித அறிஞருமாகிய மரின் மெர்சென், இவ்வகை எண்களுள் முதன்மை எண்கள் எவையென 1644ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டார். ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணே முதன்மை எண். மேற்கூறிய எண்ணும் அப்பட்டியலில் இடம்பெற்றது. அதனைச் சரிபார்க்கும் வழி அன்று எவரிடமும் இருக்கவில்லை. மெர்சென்னிடமும் இருந்திருக்க முடியாது. 61, 89, 107 ஆகிய அடுக்குகளை அவர் தவறவிட்டார் என்பதும் பின்னரே வெளியாயிற்று.

1876இல் எட்வார்ட் லூக்கா என்னும் பிரெஞ்சு அறிஞர் இவ்வெண் முதன்மை எண் அன்று என நிறுவினார். அவர் கையாண்ட முறையோ விசித்திரமானது. எண் பகுபடும் என்பதை அது காட்டும். எவற்றாற் பகுபடும் என்பதைக் காட்டாது. பூட்டிய பெட்டியினுள் பொருள் உண்டென அறிந்தும் திறப்புக் கிட்டாத நிலை அது.

திறப்பைக் கண்டெடுத்தவர் அமெரிக்கரான பிராங்க் நெல்சன் கோல். இவ்வெண்ணை வகுக்கும் முதன்மை எண் எதுவாயினும், அதனை 134ஆல் வகுத்தால் மீதி ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இவ்விதி தேடலைப் பெரிதுஞ் சுருக்கும். ஆயினும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்பவர் 1,445,580ஆவது படியிலேயே விடையைக் காண்பார். கோல் மேலும் பல நிபந்தனைகளைச் சேர்த்து, பொருந்தாதவற்றைக் கூட்டங்கூட்டமாக விலக்கினார்.

1903 ஒக்டோபரில், நியூயோர்க்கிலே அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் அவர் முடிவை வெளியிட்டார். ஒரு சொல்லும் பேசாது, கரும்பலகையில் ஒருபுறம் அவ்வெண்ணைக் கணித்தெழுதி, மறுபுறம் 193,707,721ஐ 761,838,257,287ஆற் பெருக்கி, இரண்டும் ஒன்றாதலைக் காட்டி அமர்ந்தார் என்று ஈ. ரி. பெல் எழுதியுள்ளார். எத்துணைக் காலம் பிடித்தது என்று வினவியபோது, மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். பெல் கதைக்குச் சுவையூட்டும் பழக்கமுடையவர். கோலின் மௌனத்தை ஐயுற்றாலும் அவர் பெருக்கலை ஐயுற வேண்டியதில்லை.

இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கலாம். முதற் காரணியில் 37, பின் 10, பின் 1. இரண்டாவதில் 64, 10, 1. பெருக்கத்தில் 109, 10, 1. இச்சோதனை சிற்சில பிழைகளைப் பிடிக்குமேயன்றிச் சரியென உறுதி செய்யாது. உறுதி வேண்டுவோர் முழுப் பெருக்கலையும் செய்தல் வேண்டும். சிறிய காரணி ஒன்பது இலக்கங்கள் உடையது. அவற்றுள் ஒன்று பூச்சியமாதலால் எட்டு வரிகள் போதும்.