ஆறு மூட்டை நெல்லுக்கு ஒரு மில்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அம்பத்தூரில் தொழில் நடத்தும் அனுபவத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். அதைத்தான் பேசப் போகிறேன். ஆனால் ஸ்பெயின் நாட்டு ஒயினில் ஆரம்பிக்கிறேன். ஒயின் என்றதும் கடைசி வரிசையில் நிமிர்ந்து உட்காருகிறார்கள். பொறுங்க, பாட்டில் எதுவும் வராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து ஃபிலாக்ஸரா என்று ஒரு சின்னப் பூச்சி ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. திராட்சைக் கொடியின் வேரைத் தின்னும் பூச்சி அது. தோட்டம் தோட்டமாக அழிந்தது. கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேர்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் தப்பித்தார்கள். மறுபடி நடும்போது விவசாயி என்ன செய்வான்? எது விலை போகுமோ அதை மட்டும் நட்டான். ஊருக்கு ஊர் இருந்த மற்ற ரகங்கள் வேலி ஓரத்திலும் மலைச் சரிவிலும் ஒன்றிரண்டு கொடியாக ஒதுங்கின. அவற்றின் பெயரைச் சொல்லவும் ஆள் இல்லாமல் போயிற்று.

1980களில் கட்டலோனியாப் பகுதியில் ஒயின் தயாரிக்கும் டோரஸ் குடும்பத்தார் உள்ளூர்ப் பேப்பர்களில் விளம்பரம் கொடுத்தார்கள். உங்கள் நிலத்தில் பெயர் தெரியாத பழைய திராட்சைக் கொடி இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள், அவ்வளவுதான் விஷயம். இன்றுவரை 50க்கும் மேற்பட்ட ரகங்கள் அப்படிக் கிடைத்திருக்கின்றன. முதலில் கிடைத்தவற்றில் ஒன்று கர்ரோ. அதைச் சேர்த்து 1996ஆம் ஆண்டு அறுவடையில் கிரான்ஸ் முராலெஸ் என்ற ஒயினைச் செய்தார்கள். ஃபோர்காடா என்று ஒரு வெள்ளைத் திராட்சை. அது தாமதமாகப் பழுக்கும், வெயில் ஏறினாலும் புளிப்பு குறையாது. பூமி சூடாகிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் அந்தக் குணத்துக்குத் தனி மதிப்பு. எல்லா ரகமும் தேறியதா என்றால், இல்லை. நல்ல ஒயினுக்கு ஆகிறவை விரல் விட்டு எண்ணக்கூடியவைதான்.

என்னைக் கவர்ந்தது விளம்பரம் இல்லை, அதற்கு அப்புறம் அவர்கள் செய்த வேலை. கிடைத்த ஒவ்வொரு ரகத்தையும் தனியாக வளர்த்து, தனியாகப் பிழிந்து, சின்னத் தொட்டியில் தனியாகப் புளிக்க வைத்து, தனியாக ருசி பார்த்தார்கள். பெரிய தொட்டியில் மற்றதோடு கொட்டியிருந்தால் 50 ரகமும் ஒரே ரகம்தான்!

இனி நம்ம ஊருக்கு வருவோம். நம்ம ஊர்க் கொடி நெல்.

இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடி பக்கம் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி, இவையெல்லாம் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்த ஏரிகள். 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அதன் பின்னால் ஒவ்வொரு மடையாக அடைபட்டது. தம்பிகள் இன்று அதே ஏரிக்கரையில் வாக்கிங் போகிறார்கள்.

மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், தூயமல்லி, பூங்கார், கருப்புக் கவுனி, கிச்சிலிச் சம்பா, குழியடிச்சான். பெயர்களைச் சொன்னாலே வாய் மணக்கும். பூங்கார் சீக்கிரம் விளையும். குழியடிச்சான் உப்பு மண்ணைத் தாங்கும். காட்டுயானம் யானை புகுந்தாலும் தெரியாத உயரம் வளருமாம். விவசாயிகள் சொல்வது, நான் அளந்து பார்க்கவில்லை.

இவையெல்லாம் ஏன் போயின? "ஐ.ஆர்.8 வந்து கெடுத்தது" என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1960களின் அரிசித் தட்டுப்பாட்டை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதிக்கு எவ்வளவு வலு இருந்தது என்று சொல்வார்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் ஐ.ஆர்.8ஐ வெளியிட்டது. அதன் சாமர்த்தியம் நம் செகண்ட் இயர் பாடம்தான். நெல் தாளை ஒரு கேண்டிலீவராக நினைத்துக்கொள்ளுங்கள், நுனியில் கதிரின் எடை. அதே கனம், அதே சுமை என்றால், நீளம் ஒன்றரை மடங்கு ஆகும்போது வளைவு மூன்று மடங்குக்கும் மேலே போகும். பழைய ரகம் ஐந்து அடி நின்றது. யூரியா போட்டுக் கதிர் கனத்ததும் சாய்ந்து சேற்றில் படுத்தது. ஐ.ஆர்.8 மூன்றரை அடிக்குள் நின்றது, சாயவில்லை. பசித்த நாடு அதை எடுத்துக்கொண்டதில் என்ன தப்பு?

ஆனால் கதையின் இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும். குட்டை நெல்லுக்குப் பூச்சியும் நோயும் வந்தபோது ஆராய்ச்சியாளர்கள் எங்கே ஓடினார்கள் தெரியுமா? பழைய நெல்லிடம்தான். நம் கல்லூரிக்கு மேற்கே, திருவள்ளூர் மாவட்டம் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவானது டி.கே.எம்.6. டி.கே.எம். என்றால் திரூர்க்குப்பம். தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் அதற்கு உண்டு. அதைக் கொண்டுதான் ஐ.ஆர்.20 வந்தது. ஐ.ஆர்.36இன் வம்சாவளியிலும் அது இருக்கிறது. 1980களில் உலகத்தில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் விளைந்த நெல் ஐ.ஆர்.36. அதாவது நம்ம புறநகர் ரயில் போகும் வழியில் பிறந்த ஒரு நெல்லின் ரத்தம் பாதி ஆசியாவின் சோற்றில் ஓடியது. டி.கே.எம்.6க்கு ஒரு பெற்றோர் ஜி.இ.பி.24. அது கோணாமணி என்ற பழைய ரகத்தில் தானாகத் தோன்றிய மாறுதலைக் கோயம்புத்தூரில் கண்டெடுத்து 1921இல் வெளியிட்டது. கோணாமணியை அன்று ஒருவரும் பயிர் செய்யாமல் விட்டிருந்தால், மேலே சொன்ன வரிசையே கிடையாது.

அதே ஐ.ஆர்.36க்கு ஒருவகைக் குட்டை நோயைத் தாங்கும் சக்தி வேண்டியிருந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றே ஒன்றில்தான் கிடைத்தது.

"அதுதான் விதை வங்கி இருக்கிறதே, குளிர் அறையில் ஒரு லட்சத்துக்கு மேல் மாதிரி இருக்கிறதே" என்று கேட்கலாம். இருக்கட்டும், வேண்டும். ஆனால் குளிர் அறையில் தூங்குகிற விதை இந்த வருஷத்து வெயிலைப் பார்க்காது, இந்த வருஷத்துப் பூச்சியையும் பார்க்காது. வயலில் இருந்தால்தான் பார்க்கும். வயலில் இருக்க வேண்டுமானால் யாராவது தின்ன வேண்டும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நெல் ஜெயராமன். நம்மாழ்வார் ஐயாவின் வழிகாட்டுதலில் 2006இல் நெல் திருவிழா தொடங்கியது. 2 கிலோ விதை வாங்கிப் போனால் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பாங்க் வட்டியை விட அதிகம், ஆனால் ஒருத்தரும் குறை சொல்லவில்லை! 174 ரகங்களைச் சேர்த்துவிட்டு 2018 டிசம்பரில் அவர் காலமானார். பிறகு தமிழக அரசும் அவர் பெயரிலேயே மரபு நெல் பாதுகாப்பு இயக்கத்தைத் தொடங்கியது. ஆக விதை இருக்கிறது, விளைவிக்க ஆளும் இருக்கிறது. சென்னையில் வாங்கக் கடையும் வந்துவிட்டது.

இடையில் ஒரு இடத்தில்தான் சங்கிலி அறுகிறது. அந்த இடம் நம்ம டிபார்ட்மென்ட்.

நான் மெக்கானிக்கல் முடித்து, தொழிற்பேட்டையில் சின்ன ஷெட் போட்டு, ரைஸ் மில் உதிரி பாகங்கள் செய்கிறேன். செங்குன்றம் மில்களுக்கு அடிக்கடி போவேன். ஒரு நாள் ஒரு மில் வாசலில், திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வந்த வயதான விவசாயி ஒருவர் ஆறு மூட்டை கருப்புக் கவுனியோடு நின்றுகொண்டிருந்தார். "ஆறு மூட்டைக்கெல்லாம் மெஷினை ஓட்ட முடியாது பெரியவரே" என்று சொல்லிவிட்டார்கள். மில்காரரைக் குறை சொல்வதற்கில்லை. மணிக்கு 2 டன் அரைக்கும் மில்லில் எலிவேட்டர் அடியிலும் தொட்டி மூலையிலுமே மூட்டைக் கணக்கில் பழைய நெல் தங்கும். கருப்பு அரிசியில் வெள்ளை கலந்துவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். விதைக்கு வைத்த நெல்லில் கலந்தால் ரகமே போச்சு.

இன்னொரு விஷயம். ரப்பர் ரோல் ஷெல்லரில் இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும், அந்த உரசலில் உமி கழன்றுவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி நெல்லின் கனத்தை விடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். சன்ன நெல்லுக்கு வைத்த இடைவெளியில் மாப்பிள்ளைச் சம்பாவைப் போட்டால் நொய்தான் வரும். சீரகச் சம்பாவைப் போட்டால் பாதி உமியோடு வெளியே வரும். அடுத்து பாலிஷர். கவுனியின் கருப்பும் மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்பும் தவிட்டில் இருக்கின்றன. வழக்கம்போல ஏழெட்டு சதவீதம் தவிட்டைச் சீவிவிட்டால், விவசாயி ஆறு மாதம் காத்திருந்து விளைவித்தது மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும்.

அவரை ஷெட்டுக்கு அழைத்து வந்தேன். என் பேட்ச்மேட்டுகள் இருவரும் நானும் சேர்ந்து ஒன்றரை வருஷத்தில் ஒரு சின்ன மில் செய்தோம். மணிக்குச் சுமார் 100 கிலோ அரைக்கும். எலிவேட்டரே கிடையாது, மேலே கொட்டினால் கீழே வரும். எல்லாக் கதவும் விங் நட்டில் திறக்கும். பத்து நிமிஷத்தில் துடைத்து, ஒரு மணி நெல் மிச்சமில்லாமல் அடுத்த ரகம் போடலாம். இடைவெளியைத் திருக ஒரு டயல், பாலிஷருக்கு ஒரு பைபாஸ். கண்டுபிடிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் நீங்கள் படித்ததுதான். இப்போது சீசனில் வாரம் இரண்டு நாள் ஷெட்டில் லேத் நிற்கும், மில் ஓடும். அந்தப் பெரியவர் இப்போது நாலு ரகம் போடுகிறார்.

லாபமா என்று கேட்காதீர்கள். கரெண்ட் பில்லுக்கு ஆகிறது.

தீராத பிரச்சினைகள் மூன்று இருக்கின்றன. ஃபைனல் இயர் தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளலாம். பாலிஷ் போடாத அரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் சில மாதத்தில் காறிவிடுகிறது. ஆவியில் கொஞ்சம் காட்டினால் தாமதமாகும், எவ்வளவு நேரம், எந்த ரகத்துக்கு என்று அட்டவணை வேண்டும். அடுத்து, 50 கிலோவுக்குப் புழுங்கல் போடுகிற சின்னப் பாத்திரமும் உலர்த்தியும். மூன்றாவது, உமி கழன்றதையும் கழலாததையும் பிரிக்கும் சல்லடை. ரகத்துக்கு ரகம் நீளம் மாறுவதால் எங்களை மிகவும் படுத்துகிறது. இதில் யார் கை வைத்தாலும் நெல்லும் ஷெட்டும் நான் தருகிறேன்.

சீனியர்களிடம் ஒன்றே ஒன்று. உங்களில் பலருக்கு இன்னும் ஊரில் நிலம் இருக்கிறது. இந்தப் பொங்கலுக்குப் போகும்போது அங்கே வயதானவர்களிடம் பழைய நெல் பெயர் எதாவது ஞாபகம் இருக்கிறதா, பானையிலோ குதிரிலோ ஒரு பிடி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் கொண்டு வாருங்கள். ஒரு பிடியாக இருந்தாலும் முதலில் விதைக்கக் கொடுப்போம், இரண்டு மூன்று போகம் கழித்து அரைக்கலாம்.

மதியம் சாப்பாட்டில் ஒரு பாத்திரத்தில் கருப்பாக ஒரு பாயசம் இருக்கும். கேன்டீன்காரர் தீய விட்டுவிட்டார் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். போன வியாழக்கிழமை எங்கள் ஷெட்டில் அரைத்த கவுனி அது.