ஜீப்பை உயர்த்தினால் மட்டும் போதுமா?

(தோட்டச் சாரதிகள், கிளீனர்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நலன்புரி ஐயாவுக்கு ஜீப்பைப் பற்றி என்ன தெரியும் என்று பின் வாங்கில் ஒரு தம்பி சிரிக்கிறது எனக்குத் தெரியுது. நான் வழக்கமாகப் பேசுவது பிள்ளைப்பேறு, தடுப்பூசி, மலசலகூடம், குடிதண்ணீர். இன்றைக்கும் பிள்ளைப்பேற்று விஷயம்தான். ஆனால் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்த கதையைச் சொல்லப் போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஊர்காவற்றுறை. எங்கள் தீவுப்பகுதி உங்களில் பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணைத் தாம்போதியால் வந்தால் வேலணை, அங்காலே புங்குடுதீவு. குறிகட்டுவான் இறங்குதுறையோடு ரோட்டு முடிஞ்சுது. அதற்குப் பிறகு நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான். நயினாதீவு சின்னத் தீவு, நடந்தே சுற்றி வரலாம். நெடுந்தீவு அப்படியில்லை, ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர். மலையும் இல்லை, மேடும் இல்லை. எல்லாம் கல்லு. வேலி கூட முருகைக்கல்லை அடுக்கின மதில்தான். நல்ல ரோட்டை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கினால் கல்லு முளை அடிச்ச மாதிரி நிமிர்ந்து நிற்கும். நமக்கு இங்கே சேறும் ஏற்றமும் எப்படியோ, அவர்களுக்கு அது.

வாகனத்தைக் கடலால் ஏற்றித்தான் அங்கே கொண்டுபோக வேண்டும். அதனால் ஒருக்கால் போன வாகனம் லேசில் திரும்பி வராது. ஒட்டி, வெட்டி, பற்றவைத்து ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினவர்கள் நம்ம ஆட்கள். கொஞ்சமாகப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கைவேலையை நான் குறைத்துப் பேச வரவில்லை.

சில வருஷத்துக்கு முன்பு நெடுந்தீவில் என்னோடு படித்தவர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவரிடம் பழைய வில்லிஸ் ஜீப் ஒன்று. கல்லு அடியில் தட்டுது என்று சொல்லி, ஒரு கராஜில் கொடுத்து உயர்த்தி வைத்திருந்தார். ஸ்பிரிங் தொங்குகிற ஷேக்கிளை நீளமாக்கி, ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டையும் கூடப் போட்டிருந்தார்கள். பார்க்க நல்ல எடுப்பு. குதிரையில் ஏறுகிற மாதிரித்தான் ஏற வேண்டும்.

அன்று மத்தியானம் பக்கத்து ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்கு வயிற்றுக்குத்து. முதல் பிள்ளை. அங்கே ஆஸ்பத்திரி இருக்கு, ஆனால் சிக்கல் என்றால் படகில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அப்படித்தான் சொல்லிவிட்டார்கள். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனோம். தாய்க்காரி பின்னால் இருந்து, "தம்பி, மெல்லப் போங்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்தா. மதில் விழுந்து கிடந்த ஓர் இடத்தைத் தாண்டும்போது முன் சில்லு ஒன்று பள்ளத்தில் தொங்கிச்சு. அடியில் ஒரு சத்தம். பெரிய சத்தம் கூட இல்லை. கொஞ்சத் தூரம் போய் பிரேக்கை மிதித்தால் பெடல் தரைக்குப் போகுது.

பழைய ஜீப்பில் நாலு சில்லுக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு ஹோஸ் அறுந்தால் நாலும் போச்சு. ஹேண்ட் பிரேக் மட்டும் கியர்பெட்டிக்குப் பின்னால் சாஃப்ட்டைப் பிடிக்கிற வகை என்றபடியால் அது வேலை செய்தது. அங்கே சமதரை, அதனால் தப்பினோம். பின்னால் வந்த லேண்ட்மாஸ்டர் பெட்டியில் பிள்ளையை மாற்றி ஏற்றி, படகைப் பிடித்தாச்சு. தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் தம்பிமாரே, நம்ம மேல் டிவிஷன் ரோட்டில் அந்தப் பெடல் தரைக்குப் போயிருந்தால்?

அடுத்த நாள் நானும் அவரும் ஜீப்புக்கு அடியில் படுத்தோம். தரையில் நிற்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை. கராஜ்காரரும் அப்படி நிற்கவைத்துப் பார்த்துத்தான் கொடுத்திருப்பார். சேசிஸில் ஜெக் வைத்து உயர்த்தி, முன் எக்சிலைத் தொங்கவிட்டோம். அப்பதான் விஷயம் வெளித்தது. சேசிஸில் இருந்து எக்சிலுக்கு வருகிற பிரேக் ஹோஸ் பழைய நீளம். சேசிஸ் மேலே போயிட்டுது, எக்சில் கீழே நிற்குது, ஹோஸ் எப்படி நீளும்? சில்லு பள்ளத்தில் தொங்கினதும் அது இழுத்த கயிறு மாதிரி நின்று, வாயில் அறுந்திருக்கு. சொக் அப்சோபரும் முழுக்க நீண்டு, அது பிடித்திருந்த காதில் வெடிப்பு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் ஸ்பிரிங்கில் உரசின அடையாளம் இருந்தது. புரொப்பெல்லர் சாஃப்ட்டின் யு.ஜே. சரிவு கூடி இறுகி நின்றது. அதைக் கையால் சுற்றிப் பார்த்தாலே தெரியும்.

இதில் பெரிய பகிடி என்ன தெரியுமா? கல்லு தட்டினது டிப்ரன்ஷல் பெட்டியில். ஷேக்கிளை உயர்த்தினாலும் பட்டையைக் கூட்டினாலும் சேசிஸும் பொடியும்தான் மேலே போகும். டிப்ரன்ஷல் எக்சிலோடு இருக்கு, அது ஒரு நூல் கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் டிப்ரன்ஷல் 1 அங்குலம் உயரும். அவர் காசைச் செலவழித்து ஆட்டத்தை வாங்கினாரே தவிர, கல்லுக்கு விலகவில்லை. இதைச் சொன்னதும், "தேயிலைத் தோட்டத்தில இருந்து வந்து எனக்குப் படிப்பிக்கிறியோ" என்று கொஞ்சம் கோபித்தார். பிறகு ஒரு கோலால் அளந்து பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

ஷேக்கிள் கணக்கும் அப்படித்தான். ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வாகனம் 1 அங்குலம்தான் உயரும். ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு நுனி மட்டும்தான் இறங்குது. வில்லிஸில் முன் ஷேக்கிள் முன்பக்கம் இருக்கு. அதை நீட்டினால் எக்சில் முன்னுக்குக் கவிழும், ஸ்டியரிங் கைக்குள் நிற்காமல் அலையும். அதற்கு ஆப்புத் தகடு வைத்துச் சரிக்கட்டுவார்கள். ஒன்றைத் திருத்த இன்னொன்று.

பழைய ஜீப்பில் ஸ்பிரிங் எக்சிலுக்குக் கீழே இருக்கும். அதை மேலே தூக்கி வைத்தால் இன்னும் உயரும் என்று சிலர் சொல்லுவார்கள். அது உண்மை. ஆனால் டை ரொட் வந்து ஸ்பிரிங்கில் முட்டும், பிரேக் பிடிக்கும்போது எக்சில் முறுக்கும். ஸ்டியரிங் கைகளையே மாற்றாமல் அதைச் செய்யக்கூடாது. ஆள் ஏற்றுகிற வாகனத்துக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

நாங்கள் செய்தது இதுதான். நீள ஷேக்கிளைக் கழற்றிப் பழையதைப் போட்டோம். கூட்டின பட்டையையும் எடுத்தாச்சு. அது ஸ்பிரிங்கை விறைப்பாக்கி, ஒரு சில்லு கல்லில் ஏறினால் மற்றச் சில்லை அந்தரத்தில் நிறுத்துது. டயர் ஒரு அளவு பெரிதாக, யாழ்ப்பாணத்தில் எடுப்பித்தோம். அது ஸ்பிரிங்கில் முட்டாதபடி ஸ்டியரிங் ஸ்டொப் போல்ட்டை வெளியே எடுத்துப் பூட்டினோம். எக்சில் மேலே வரும்போது பெரிய டயர் மட்கார்டில் ஏறாமல் இருக்க, பம்ப் ஸ்டொப் ரப்பருக்குக் கட்டை கொடுத்து இறக்கினோம். பிரேக் ஹோஸ் புதிது, எக்சில் முழுக்கத் தொங்கினாலும் தளர்வாக நிற்கிற நீளம். நீளம் கூடினாலும் டயரில் உரசும், அதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். உப்புக் காற்றில் யூ போல்ட் கறள் பிடித்து, பாதி தேய்ந்திருந்தது. அதையும் மாற்றினோம்.

இடைவெளி எவ்வளவு இருக்கென்று தெரியாத இடத்தில் கோதுமை மாவைப் பிசைந்து ஓர் உருண்டை ஒட்டுங்கள், ரொட்டிக்குப் பிசைகிற அதே மாவு. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்து, ஒரு முன் சில்லைக் கல்லில் ஏற்றி, மறுமூலைப் பின் சில்லையும் ஏற்றி நிறுத்துங்கள். பிறகு உருண்டை எவ்வளவு நசிந்திருக்கு என்று பாருங்கள். மாவு அறுந்திருந்தால் இரும்பும் இரும்பும் முட்டியிருக்கு. முட்டாவிட்டாலும் ஒரு விரல் இடமாவது வேண்டும், ஆள் ஏறினால் ஸ்பிரிங் இன்னும் பதியுமே.

தாய்மாரே, இது ஆம்பிளைகளின் வேலை என்று விட்டுவிடாதீங்க. ஏறிப் போறது நீங்கள்தான். வாகனத்தை உயர்த்தினார்கள், பட்டை கூட்டினார்கள் என்று கேள்விப்பட்டால், "தம்பி, ஹோஸ் மாத்தினியா?" என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபிக்கக்கூடாது, நான் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

நம்ம தோட்டத்து ஜீப்புக்கும் போன மழைக்கு முன்பு பட்டை கூட்டியிருக்கு. நாளைக்குக் காலை 7 மணிக்கு லொறி கொட்டகைக்கு முன்னால் அதை ஜெக்கில் ஏற்றுகிறோம். சாரதிமார் எல்லாரும் வரணும். மாவு நான் கொண்டு வாறேன்.