போதும் என்னும் மனம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆசையை விடுதல் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். துறவியர்க்குரிய பொருளை இரயில்வே குமாஸ்தாவிடம் ஒப்படைத்தது ஒருவகையில் பொருத்தமே. மாதக் கடைசியில் வரும் சம்பளம் பத்தாந்தேதிக்குள் பால்காரர்க்கும் பள்ளிக்கும் கூட்டுறவுக் கடனுக்குமாகக் கரைந்துபோகும் இல்லங்களில், ‘போதும்’ என்ற சொல் நாள்தோறும் சோதிக்கப்படுகிறதன்றோ! காட்டுக்குப் போனால் ஆசை விடுமோ எனின், வித்துராவிலிருந்து பொன்முடிக்குப் பேருந்து ஏறினாலே காடு வந்துவிடும். ஆசையும் நம்மோடு சீட்டு வாங்கிக்கொண்டு வரும்.

திருக்குறளில் ‘அவாவறுத்தல்’ 37-ஆம் அதிகாரம். துறவறவியலின் கடைசியில் நிற்பது. இல்லறத்தார்க்கு வள்ளுவர் வைத்தவை வேறு. அழுக்காறாமை 17, வெஃகாமை 18. பிறர் ஆக்கம் கண்டு புழுங்காதே, பிறர் பொருளை விரும்பாதே என்பனவே அவை. சோற்றையும் துணியையும் மக்கள் கல்வியையும் விரும்பாதே என்று இல்லறத்தானை நோக்கி அவர் கூறவில்லை. இந்த வேறுபாட்டை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

ஏனெனில், ‘போதும்’ என்பது தன்னை நோக்கிச் சொல்லவேண்டிய சொல். பிறரை நோக்கிச் சொன்னால் அது கொடுமையாகிவிடும். வித்துராவுக்கு அப்பால் போணக்காடு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்க்கு ஊதியம் நெடுங்காலம் நிலுவையில் நின்றது. ஒழுகும் லயங்களில் அவர்கள் நாட்களைக் கழித்தனர். தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து மலையேறி வந்தோர் பலரின் வழித்தோன்றல்கள் அவர்களிடையே உண்டு. உழைத்த கூலியைக் கேட்பது ஆசையாகாது. கடனைத் திருப்பிக் கேட்பதாகும். அவர்களிடம் சென்று மனநிறைவைப் போதிப்போமாயின் நம்மினும் இரங்கத்தக்கவர் யார்?

அங்ஙனமாயின், நாம் விடவேண்டிய ஆசை எது? நம் அலுவலகங்களில் சம்பளத்தைக் காட்டிலும் பணிமூப்புப் பட்டியலே தூக்கத்தைக் கெடுக்கும். ‘அவருக்கு எந்த வகுப்புப் பாஸ், நமக்கு எந்த வகுப்பு?’ என்ற கணக்கு வீட்டு அடுக்களை வரை வந்துவிடுகிறது. வண்டி இருவரையும் ஒரே நேரத்தில்தான் சென்னையில் இறக்கிவிடுகிறது! ஆயினும் ஒருபடி மேலே இருக்கவேண்டும் என்ற வேட்கை தணிவதில்லை. பொன்னாசை கிழப்பருவத்தில் தளர்ந்தாலும் தளரும். இது தளரக் கண்டதில்லை.

இதனை விட்டவர் ஒருவர் திருவனந்தபுரத்திலேயே வாழ்ந்தார். அவரும் தமிழர், அவரும் அலுவலகம் சென்றவர். தைக்காடு அய்யா சுவாமிகள் என்பது அவர் பெயர். இயற்பெயர் சுப்பராயன். தைக்காட்டிலிருந்த ஆங்கில ரெசிடென்சியில் மேற்பார்வையாளராகப் பணிபுரிந்தமையால் ‘சூப்பிரண்டு அய்யா’ என்று ஊரார் அழைத்தனர். மனைவி மக்களோடு வாழ்ந்தார். சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் அவரிடம் யோகம் பயின்றனர். 1909-ஆம் ஆண்டில் மறைந்த அவர்க்குத் தைக்காட்டில் சமாதிக் கோயில் இருக்கிறது.

வேலையை அவர் விடவில்லை, குடும்பத்தை விடவில்லை. சாதியால் வரும் உயர்வை விட்டார். தைப்பூச நாளில் எல்லாச் சாதியினரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவளித்தார் என்றும், அய்யன்காளியும் அவ்வரிசையில் அமர்ந்தார் என்றும் அவர் வரலாறு கூறும். திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936-இல். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே, பொதுத்தெருவில் நடப்பதற்கும் தடையிருந்த காலத்தில், அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் இதனைச் செய்தார். உயர்ந்தோர் எனப்பட்டவர் ஏசினர். ஏச்சைக் கேட்டும் பந்தியை அவர் நிறுத்தவில்லை. காவி உடுத்துவது இதனினும் எளிது என்பது நம் எண்ணம்.

சென்ற ஆண்டு நம் விழா விருந்தில் உத்தியோகக் குடும்பங்கள் முதற்பந்தியிலும், தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் இரண்டாம் பந்தியிலும் அமர்ந்தன. யாரும் கட்டளையிடவில்லை, தானே அமைந்தது. தானே அமைவதுதான் இதில் அச்சத்துக்குரியது. குழந்தைகள் அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்தன.

இவ்வாண்டு பெயர் எழுதிய நாற்காலிகள் வேண்டாமென்று செயற்குழுவிடம் கேட்டுக்கொண்டோம், இசைந்தனர். போணக்காட்டிலிருந்து வரும் பேருந்து சற்றுத் தாமதமாம். அவர்கள் வந்து சேர்ந்த பின்னரே இலை போடப்படும். பசியுள்ள சிறுவர்க்கு மட்டும் உள்ளே வாழைப்பழம் வைத்திருக்கிறார்கள்.